சிறுவர்களுடன் தூண்டில் போடச் செல்லுமுன்

ரோவிலிலும் அயலிலும் வாழும் எமது குடும்பங்கள் சில சேர்ந்து, வரும் பாடசாலை விடுமுறையில் சிறு பிள்ளைகளைத் தூண்டில் போட அழைத்துச் செல்ல விரும்புவதாகவும், அதற்கு ஒரு வைத்தியர் என்ற முறையில் ஆலோசனை எழுதித் தரும்படியும் எம்மிடம் கேட்டிருந்தார்கள். மிக நல்ல எண்ணம். திரைக்கு முன்னால் விடுமுறையைக் கழிக்கும் பிள்ளைகள் இரண்டு மணி நேரம் நீர்க்கரையில் பொறுமையாக இருந்து, காற்றையும் பறவையையும் மீனையும் அறிந்து வருவது உடலுக்கும் மனதுக்கும் மருந்து. ஆயினும் சில விடயங்களை முன்கூட்டியே சிந்தித்துச் செய்தால்தான் அந்த நாள் மகிழ்ச்சியான நாளாக முடியும். இக்கட்டுரை நான்கு வயது முதல் பத்து வயது வரையான பிள்ளைகளைக் கருத்திற் கொண்டு எழுதப்படுகிறது.

எம்மவர்களில் இரு வகையினர் இருப்பதை எமது சிகிச்சை நிலையத்தில் காண்கிறோம். ஒரு வகையினர் கடலோடு வளர்ந்தவர்கள். "நாங்கள் பிறந்ததே கடற்கரையிலே, தண்ணியைப் பற்றி எங்களுக்குச் சொல்லித் தர வேணுமோ?" என்று கேட்பார்கள். மறு வகையினர் நீரைக் கண்டாலே அஞ்சுபவர்கள். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலையில் உறவுகளை இழந்தவர்களும், உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு படகில் வந்தவர்களும் அவர்களில் உள்ளனர். முதலாம் வகையினர் பிள்ளைகளை அளவுக்கு மிஞ்சிய நம்பிக்கையோடு கரையில் விடுகிறார்கள். இரண்டாம் வகையினர் பிள்ளைகளை நீர்ப்பக்கமே விடுவதில்லை. இரண்டிலும் பிள்ளைக்கு ஆபத்து இருக்கிறது. நீரைப் பழகாத பிள்ளை ஒரு நாள் பெற்றோர் இல்லாத இடத்தில் நீரைச் சந்திக்கத்தான் போகிறது.

நாம் கற்ற பாடம்

பல வருடங்களுக்கு முன் ஒரு குளிர்கால ஞாயிற்றுக்கிழமை, நாமும் பங்குபற்றிய ஒன்றுகூடல் ஒன்றில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஏரிக்கரையில் எட்டுக் குடும்பங்கள். பெரியவர்கள் பதினைந்து பேருக்கு மேல். பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் தூண்டிலோடு நின்றார்கள். ஒருவர் இரை கொழுவிக் கொடுத்தார், ஒருவர் படம் எடுத்தார், சிலர் ஊர் நிலவரம் கதைத்தார்கள். நாம் பார்பிக்கியூ அடுப்படியில் கோழித்துண்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தோம். ஐந்து வயதுப் பையன் ஒருவன் ஈரப் புல்லில் வழுக்கி நீருக்குள் போனான். சத்தமே இல்லை. கத்தவில்லை, கையை ஆட்டவில்லை. அவனுடைய ஒன்பது வயது அக்கா "தம்பி எங்கே?" என்று கேட்டபோதுதான் எல்லோரும் திரும்பினோம். தகப்பன் பாய்ந்து தூக்கினார். இடுப்பளவு நீர்தான். பிள்ளை இருமி வாந்தியெடுத்து மூச்சு விட்டது. அன்றிரவு வைத்தியசாலையில் வைத்துப் பார்த்து மறுநாள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அந்தத் தகப்பன் கடற்றொழில் செய்த குடும்பத்தில் பிறந்தவர், எம் எல்லோரிலும் நன்றாக நீந்தக் கூடியவர். "கண்ணுக்கு முன்னாலதான் நிண்டவன், டொக்டர்" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். தாயார் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஆர் பார்த்துக்கொண்டு நிண்டது?" பதினைந்து பெரியவர்களில் ஒருவராலும் பதில் சொல்ல முடியவில்லை. வைத்தியரான எம்மாலும் முடியவில்லை. ஒவ்வொருவரும் மற்றவர் பார்க்கிறார் என்று எண்ணியிருந்தோம்.

தனியாகப் போகும் தாய் தன் பிள்ளையை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டாள். கூட்டமாகப் போகும்போது அந்தப் பொறுப்பு எல்லோருக்கும் பொதுவாகி, இறுதியில் ஒருவருக்கும் இல்லாமற் போகிறது. கூட்டம் பாதுகாப்புத் தரும் என்று நாம் நம்புகிறோம். நீர்க்கரையில் அது பெரும்பாலும் எதிர்மாறாகவே இருக்கிறது.

நீரில் மூழ்குவது எப்படி இருக்கும்?

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2021 ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். அவுஸ்திரேலியாவில் 2023 யூலை முதல் 2024 யூன் வரையான ஒரு வருடத்தில் மட்டும் 323 பேர் இறந்ததாக றோயல் லைஃப் சேவிங் அமைப்பு பதிவு செய்துள்ளது.

திரைப்படத்தில் வருவது போல் மூழ்குபவர் கத்துவதில்லை. மூச்சு எடுக்கவே போராடும் பிள்ளைக்குக் குரல் எழுப்ப முடியாது. கைகளை நீரின் மேல் அழுத்தி வாயை மேலே கொண்டுவர முயலும், அவ்வளவுதான். சின்னப் பிள்ளையின் தலை உடம்போடு ஒப்பிடும்போது பாரமானது. எனவே குப்புற விழுந்தால் முழங்காலளவு நீரிலும் எழும்ப முடியாது. குளிர்காலத்தில் மெல்பேர்ண் ஏரி நீர் மிகவும் குளிராக இருக்கும். திடீரெனக் குளிர்நீர் பட்டால் உடம்பு தானாகவே பெருமூச்சு இழுக்கும். அந்த மூச்சோடு நீர் உள்ளே போகிறது. மூளைக்கு ஒட்சிசன் இல்லாமற் போனால் சில நிமிடங்களிலேயே பாதிப்புத் தொடங்குகிறது. தொலைபேசியில் ஒரு செய்தியை வாசித்துப் பதில் எழுதும் நேரம் போதும்.

இடத்தைத் தெரிவு செய்தல்

சிறுவர் குழுவுக்குக் கற்பாறைக் கரை வேண்டாம், அலையடிக்கும் கடற்கரை வேண்டாம், படகும் வேண்டாம். பாறைகளில் நின்று மீன்பிடிப்பது அனுபவசாலிகளையே பலிகொள்ளும் பொழுதுபோக்கு. நியூ சவுத் வேல்சில் 2016 ஆம் ஆண்டில் இதற்கென்றே தனிச் சட்டம் இயற்றப்பட்டது. விக்ரோரியாவிலும் சில ஆபத்தான பாறைப் பகுதிகளில் மீன்பிடிப்போர் உயிர்காப்பு அங்கி அணிவது கட்டாயம்.

எமக்கு ஏற்றவை நகர்ப்புறப் பூங்கா ஏரிகள். பாடசாலை விடுமுறைகளை ஒட்டி விக்ரோரிய மீன்பிடி அதிகாரசபை இத்தகைய குடும்ப ஏரிகள் பலவற்றில் ரெயின்போ ட்ரவுட் மீன்களை விடுவதுண்டு. மூரப்பின் பக்கமுள்ள கார்க்கரூக் ஏரி, லில்லிடேல் ஏரி, அல்பேர்ட் பார்க் ஏரி ஆகியன அவ்வாறானவை. இங்கே பிள்ளைக்கு மீன் கிடைக்கும் வாய்ப்பும் அதிகம், வாகனத் தரிப்பிடமும் கழிப்பறையும் கிட்ட இருக்கும்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. எமது யாழ்ப்பாணக் கடல்நீரேரியில் நெடுந்தூரம் நடந்து போனாலும் நீர் முழங்காலளவுதான் இருக்கும். அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவர முடியாது. கார்க்கரூக் ஏரி மணல் அகழ்ந்த இடத்தில் உருவாக்கப்பட்டது. செயற்கை ஏரிகளில் கரையிலிருந்து இரண்டு அடி வைத்தால் திடீரென ஆழமாகலாம், அடியில் சேறும் இருக்கலாம். "ஆழம் அறியாமல் காலை விடாதே" என்று எம் முன்னோர் சொன்னது வெறும் பழமொழி அல்ல. ஏற்பாட்டாளர்களில் இருவர் ஒரு வாரத்துக்கு முன் போய், கரை சரிவு குறைந்த இடம் எது, வழுக்கும் இடம் எது, அம்புலன்ஸ் எந்த வாசலால் வரும், தொலைபேசிச் சமிக்ஞை கிடைக்கிறதா என்று பார்த்து வர வேண்டும்.

விக்ரோரியாவில் 18 முதல் 69 வயது வரையானோர், விலக்களிக்கப்பட்டவர்கள் தவிர, மீன்பிடி அனுமதிப்பத்திரம் வைத்திருக்க வேண்டும். பிள்ளைகளுக்குத் தேவையில்லை. ஆனால் பிள்ளையின் தூண்டிலை வாங்கித் தாமே வீசும் அப்பாவுக்குத் தேவை.

யார் பார்ப்பது?

இக்கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்திருப்பதாயின் இந்தப் பகுதியை வைத்திருங்கள்.

1. நீர்க்காவலர் இருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். அவர்கள் பிரகாசமான நிறத்தில் மேலங்கி அணிந்திருக்கட்டும். அவர்களுடைய வேலை பிள்ளைகளைப் பார்ப்பது மட்டுமே. இரை கொழுவுதல், படமெடுத்தல், அடுப்படி வேலை, கைத்தொலைபேசி எதுவும் கூடாது.

2. முறை 15 நிமிடம். அதற்கு மேல் மனித மனம் ஒரே விடயத்தில் நிற்காது. முறை மாறும்போது மேலங்கியைக் கழற்றி அடுத்தவர் கையில் கொடுத்து, "இப்ப நீங்கள் பார்க்கிறீங்கள்" என்று வாயால் சொல்ல வேண்டும். "பன்னிரண்டு பிள்ளைகள் நிற்கினம்" என்று எண்ணிக்கையையும் சொல்ல வேண்டும். கண்ணால் சைகை காட்டிவிட்டுப் போவது கையளிப்பு ஆகாது.

3. ஐந்து வயதுக்கு உட்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் கையெட்டும் தூரத்தில் ஒரு பெரியவர் இருக்க வேண்டும். ஐந்து முதல் ஏழு வயது வரை இரண்டு பிள்ளைகளுக்கு ஒருவர். எட்டு முதல் பத்து வரை மூன்று பிள்ளைகளுக்கு ஒருவர். இது நீர்க்காவலருக்கு மேலதிகமாக. ஆட்கள் போதாவிட்டால் பிள்ளைகளை இரண்டு அணிகளாகப் பிரித்து, ஓர் அணி தூண்டில் போடும்போது மற்ற அணியைக் கரைக்குத் தள்ளி விளையாட விடுங்கள். சின்னப் பிள்ளைகளின் பொறுமை எப்படியும் இருபது நிமிடந்தான்.

4. அக்காமாரையும் அண்ணன்மாரையும் காவலுக்கு வைக்காதீர்கள். எம் அனுபவத்தில் ஒன்பது வயதுப் பிள்ளைதான் தம்பியைக் காப்பாற்றியது என்பது உண்மை. அது பெரியவர்களின் வெட்கமே தவிர முன்னுதாரணம் அல்ல.

5. மதுபானம் வேண்டாம். காவலர்களுக்கு மட்டுமல்ல, அன்றைய ஒன்றுகூடலுக்கே வேண்டாம்.

உயிர்காப்பு அங்கி

கரையில் நிற்கும் பிள்ளைக்கு எதற்கு அங்கி என்று கேட்பார்கள். வழுக்கி விழுவது கரையிலிருந்துதான். பிள்ளையின் நிறைக்கு ஏற்ற அளவில், கழுத்துப்பட்டியோடு கூடிய 'லெவல் 100' வகை அங்கி முகத்தை மேலே திருப்பி வைத்திருக்க உதவும். கால்களுக்கு இடையால் போகும் பட்டி கட்டாயம் இருக்க வேண்டும். அணிவித்த பின் தோள்பட்டியைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். அங்கி காதுவரை மேலே வந்தால் அது பெரிது. "வளர்ந்தாலும் போடலாம்" என்று பெரிய அளவில் வாங்குவது பள்ளிச் சீருடைக்குச் சரி, இதற்குச் சரியல்ல. கையில் கட்டும் காற்றுப்பை, ரப்பர் வளையம் ஆகியன விளையாட்டுப் பொருட்கள்.

2024 ஜனவரி 18 ஆம் திகதி இந்தியாவின் குஜராத் மாநிலத்தில், வதோதரா நகரிலுள்ள ஹர்ணி ஏரிக்குப் பாடசாலைச் சுற்றுலா வந்த பிள்ளைகளை ஏற்றிய படகு கவிழ்ந்தது. 12 மாணவர்களும் 2 ஆசிரியைகளும் இறந்தார்கள். கொள்ளளவுக்கு மிஞ்சி ஆட்களை ஏற்றியதும், எல்லோருக்கும் அங்கி கொடுக்காததும் பின்னர் வெளிவந்தன. ஆசிரியர்கள் கூடவே இருந்தார்கள். பிள்ளைகள் மேல் அன்பில்லாதவர்கள் அல்லர். அன்பு மட்டும் போதாது, எண்ணிக்கையும் ஏற்பாடும் வேண்டும் என்பதற்கு இதைவிட வேதனையான சான்று இல்லை.

தூண்டில் முள், ஈயம், மீன் முள்

மருத்துவ நிலையத்துக்கு அதிகம் வருவது தூண்டில் முள் ஏறிய விரல்களே. முள்ளின் நுனியில் பின்னோக்கி நிற்கும் சிறு கூரைக் குறட்டால் நசுக்கித் தட்டையாக்கிவிட்டால், ஏறினாலும் இலகுவாக வெளியே வரும். தலைக்கு மேலால் வீசுவதைத் தடை செய்யுங்கள். பக்கவாட்டில் மெதுவாக வீசப் பழக்கலாம். ஒரு பிள்ளைக்கும் அடுத்த பிள்ளைக்கும் இடையில் மூன்று மீற்றர் இடைவெளி விடுங்கள். தொப்பியும் கண்ணாடியும் வெயிலுக்கு மட்டுமல்ல, பறந்து வரும் முள்ளுக்கும் காப்பு.

முள் ஆழமாக ஏறினால் இழுக்க வேண்டாம். தங்கூசியை வெட்டிவிட்டு, முள் அசையாதபடி துணி சுற்றி வைத்தியரிடம் கொண்டுவாருங்கள். கண்ணில் ஏறினால் தொடவே கூடாது, கழுவவும் கூடாது. கண்ணை அழுத்தாதபடி ஒரு கடதாசிக் கோப்பையால் மூடி உடனே அம்புலன்ஸை அழையுங்கள். ஏற்பு ஊசி இங்கு 2, 4, 6, 18 மாதங்களிலும் 4 வயதிலும் போடப்படுகிறது. பிள்ளையின் பதிவைப் பார்த்து வையுங்கள். பெரியவர்களுக்கும் ஊசி தேவைப்படலாம்.

ஈயக் குண்டைப் பல்லால் கடித்து இறுக்கும் பழக்கம் எம்மவரிடம் உண்டு. ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சு. பிள்ளை அதை விழுங்கினால் சாதாரண காசு விழுங்கியது போல் எண்ணி இருந்துவிடாமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். உண்ணுமுன் எல்லோரும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும்.

பின்னொரு நாள் போர்ட் பிலிப் விரிகுடாப் பக்கம் போவதானால் இரண்டைப் பிள்ளைகளுக்குக் காட்டி வையுங்கள். ஒன்று, ஊரில் நாம் பேத்தை என்று ஒதுக்கும் ஊதும் மீன். அதன் இனம் இங்கும் உண்டு, சமைத்தாலும் நஞ்சு போகாது. மற்றது நீல வளையக் கணவாய். கையளவு கூட இல்லாத அழகான உயிரினம். அதன் கடி வலிக்காமலே மூச்சை நிறுத்தக் கூடியது. பாறைக் குழிகளிலும் வெறும் சிப்பி ஓடுகளிலும் கை விடக் கூடாது.

கோடையில் ஏரிக்கரைப் புற்களில் புலிப்பாம்பு இருக்கலாம். மூடிய சப்பாத்து அணிந்து, வெட்டிய புல்லில் நடக்க வேண்டும். பாம்பு கடித்தாலும் நீல வளையக் கணவாய் கடித்தாலும் முதலுதவி ஒன்றே: 000 அழைத்து, பிள்ளையை அசையாமல் வைத்து, கடிபட்ட கை அல்லது கால் முழுவதையும் மீள்தன்மையுள்ள துணிக்கட்டால் இறுக்கமாகச் சுற்றித் தடியொன்றை வைத்துக் கட்டுங்கள். கணவாய் கடித்தால் மூச்சைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும். பாம்பு கடித்த இடத்தைக் கழுவவோ வெட்டவோ வேண்டாம்.

முட்டு, ஒவ்வாமை, வெயில்

2016 நவம்பர் 21 ஆம் திகதி மாலை மெல்பேர்ணில் வீசிய இடிமின்னற் புயலோடு பரவிய புல் மகரந்தத்தால் ஆயிரக்கணக்கானோர் மூச்சுத் திணறி வைத்தியசாலைகளை நாடினர், 10 பேர் இறந்தனர். இந்திய, இலங்கைப் பின்னணியுள்ளோர் அதில் கூடுதலாகப் பாதிக்கப்பட்டனர். முட்டு எனப்படும் ஆஸ்துமா முன்பு இல்லாதவர்களுக்கும் அன்று வந்தது. எனவே ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரை புறப்படுமுன் இடியுடன் கூடிய ஆஸ்துமா எச்சரிக்கை உள்ளதா என்று பாருங்கள், இருந்தால் நாளை மாற்றுங்கள். நீல நிற வென்ரொலினும் ஸ்பேசரும் முதலுதவிப் பெட்டியில் எக்காலத்திலும் இருக்கட்டும். முட்டு வந்தால் ஒவ்வொன்றாக 4 முறை அடித்து, ஒவ்வொரு முறைக்கும் 4 மூச்சு எடுக்க வைத்து, 4 நிமிடம் பொறுத்துப் பாருங்கள். குறையாவிட்டால் 000 அழைத்துவிட்டு இதையே தொடருங்கள்.

மீன், இறால், கச்சான் ஒவ்வாமை உள்ள பிள்ளைகளின் பெயரை முன்கூட்டியே பெற்றோரிடம் எழுதி வாங்குங்கள். இரைக்கு இறால் கொண்டுபோவதாயின் இது முக்கியம். எப்பிப்பென் உள்ள பிள்ளை அதைக் காரில் அல்ல, அருகிலேயே வைத்திருக்க வேண்டும். ஓகஸ்ட் நடுப்பகுதி முதல் ஏப்ரல் இறுதிவரை இங்கு புற ஊதாக் கதிர் வலுவானது. கறுத்தத் தோல் கருகாது என்று எண்ணித் தொப்பியையும் நிழலையும் விட்டுவிடாதீர்கள்.

விழுந்துவிட்டால்

உடனே குதிக்காதீர்கள். பிள்ளையைக் காப்பாற்றப் பாய்ந்து தகப்பன் இறந்த சம்பவங்கள் இந்நாட்டில் பல. முதலில் தடியை அல்லது தூண்டிற்கோலை நீட்டுங்கள். எட்டாவிட்டால் மிதக்கும் ஏதாவது எறியுங்கள்: எஸ்கிப் பெட்டியின் மூடி, பந்து, மூடிய வெற்றுப் போத்தல். நீண்ட கயிறு ஒன்று கரையில் தயாராக இருக்கட்டும். இறங்கத்தான் வேண்டுமானால் நீந்தத் தெரிந்தவர் மிதக்கும் ஒன்றைப் பிடித்துக்கொண்டே இறங்க வேண்டும்.

வெளியே எடுத்த பிள்ளையைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும், வயிற்றை அமுக்கி நீர் எடுப்பதும் ஊரில் நாம் கண்டவை. இரண்டும் தவறு. வயிற்றிலுள்ளது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும், பொன்னான நேரமும் வீணாகும். பிள்ளை அசையாமல், ஒழுங்காக மூச்சு விடாமல் இருந்தால் ஒருவர் 000 அழைக்க, மற்றவர் உயிர்ப்பித்தலைத் தொடங்க வேண்டும். நெஞ்சின் நடுவில், நெஞ்சு ஆழத்தின் மூன்றில் ஒரு பங்கு உள்ளே போகும்படி 30 அழுத்தங்கள், பின் 2 மூச்சுகள். நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகம். நீரில் மூழ்கியவருக்கு மூச்சுக் கொடுப்பது மிக முக்கியம், அழுத்தம் மட்டும் போதாது. அம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீர்கள். 000 இல் ஆங்கிலம் கதைக்கத் தடுமாறினால் "அம்புலன்ஸ்" என்ற பின் "தமிழ்" என்று சொல்லுங்கள், மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள்.

மூழ்கி எழுந்த பிள்ளை நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும், இருமல், வேகமான மூச்சு, சோர்வு, வாந்தி இருந்தால் வைத்தியசாலையில் காட்ட வேண்டும். சுயநினைவு ஒரு கணம் தவறியிருந்தாலும் காட்ட வேண்டும்.

புறப்படுமுன் ஒரு முறை வாசிக்க

- பிள்ளைகளின் பெயர், வயது, நோய், ஒவ்வாமை, பெற்றோர் தொலைபேசி எண் எழுதிய தாள்
- நீர்க்காவலர் முறை அட்டவணை, இரண்டு மேலங்கிகள்
- ஒவ்வொரு பிள்ளைக்கும் அளவான உயிர்காப்பு அங்கி
- கயிறு, மிதக்கும் பொருள், குறடு, கத்தரிக்கோல்
- முதலுதவிப் பெட்டி, துணிக்கட்டுகள், வென்ரொலின், ஸ்பேசர்
- மாற்றுடை, துவாய், போர்வை, சூடான தேநீர்
- முதலுதவிப் பயிற்சி பெற்ற இருவராவது

இறுதியாக ஒன்று. நீந்தத் தெரிந்த பிள்ளையும் மூழ்கலாம். ஆனால் தெரியாத பிள்ளைக்கு ஆபத்து மிக அதிகம். இந்நாட்டில் 12 வயதுப் பிள்ளை 50 மீற்றர் நீந்தவும் 2 நிமிடம் மிதக்கவும் தெரிந்திருக்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. போரோனியாவிலுள்ள நொக்ஸ் லெஷர்வேர்க்ஸ் போன்ற நீச்சல் தடாகங்களில் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் வகுப்புகள் நடக்கின்றன. கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும் ரியூசன் தேடும் நாம், நீச்சலையும் அந்த வரிசையில் சேர்க்க வேண்டும். நீரை அஞ்சும் தாய்மாரும் பிள்ளையோடு சேர்ந்தே பழகலாம். நாற்பதைத் தாண்டிய பின் நீந்தக் கற்ற பெண்கள் எம்மிடம் வந்து பெருமையோடு சொல்லியிருக்கிறார்கள்.

நாம் சொன்ன அந்தப் பையன் இப்போது வளர்ந்துவிட்டான், நன்றாக நீந்துகிறான். அவனைக் காணும்போதெல்லாம் அவனுடைய தாய் கேட்ட கேள்வி எமக்கு நினைவுக்கு வருகிறது. நீங்கள் ஏரிக்கரைக்குப் போகும் நாளில், எந்த நிமிடத்தில் எவர் அதைக் கேட்டாலும், சொல்வதற்கு உங்களிடம் ஒரு பெயர் இருக்கட்டும்.